அஞ்சாலைக்கு அக்கம்பக்கம் யார்?

பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது அந்த மீன். தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள், கடிக்கத்தான் வருகிறது என்று. பாவம், அது மூச்சு விடுகிறது.

விலாங்கின் கடல் உறவான அஞ்சாலை இது. உலகில் சுமார் 200 வகை அஞ்சாலைகள் இருக்கின்றன. வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளர்வது ‘ஸ்நோஃப்ளேக் ஈல்’ எனப்படும் வகை. வெள்ளை உடம்பில் கரிய திட்டுகள், அவற்றின் நடுவே மஞ்சள் புள்ளிகள். பெரும்பாலான மீன்களுக்குச் செவுளின் மேல் அகலமான மூடி உண்டு. அது விசிறிபோல் அசைந்து தண்ணீரை இழுக்கும். அஞ்சாலைக்கோ பக்கத்துக்கு ஒரு சின்ன ஓட்டைதான். எனவே பம்பு வேலை முழுவதும் வாயின் தலையில். அது லேசான வேலையும் இல்லை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது 7 மில்லிகிராமுக்கும் குறைவு.

அந்தக் கடல்நீரே சென்னைப் புறநகரான அம்பத்தூரில் ஓர் அதிசயம்தான். 1909இல் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தபோது கடல் வாசலிலேயே இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது பதினைந்து, இருபது கிலோமீட்டர் தள்ளி. ஆகவே கடலை வீட்டிலேயே கலக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டி என்றால் பதினைந்து தண்ணீர் கேன். லிட்டருக்கு 35 கிராம் வீதம் பத்தரைக் கிலோ உப்பு. சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சரியான அளவில் சேர்ந்த தனிக் கலவை வேண்டும். அதைக் கரைக்க ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். போர் தண்ணீரில் ஏற்கெனவே என்னென்ன கரைந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்!

தொட்டி தயார். இதில் அஞ்சாலையோடு வேறு யார் குடியிருக்கலாம்? அதன் குணத்தை ஆராய்வதைவிட வாயை ஆராய்ந்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

மீன்கள் பொதுவாக இரையை உறிஞ்சி விழுங்கும். வாய்க்குழியைச் சட்டென விரித்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே பாயும். இடுக்கில் வாழும் அஞ்சாலைக்கு ஒடுங்கிய தலை, விரிக்க இடமில்லை. பின் எப்படிப் பெரிய இரையை விழுங்குகிறது? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தார்கள். 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு உயிரியலாளர்களையே வாய்பிளக்க வைத்தது. அஞ்சாலையின் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, பல்லோடு. முன்தாடை இரையைக் கவ்விய மறுகணம், மண்டையோட்டுக்குப் பின்னால் கிடக்கும் இந்தத் தொண்டைத் தாடை முன்னால் பாய்ந்து வாய்க்குள் வருகிறது, இரையைக் கொக்கி போட்டு உணவுக்குழாய்க்குள் இழுத்துப் போகிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதே வேலைதான்.

தொண்டைத் தாடை எல்லா இரைக்கும் பொது. அக்கம்பக்கத்தை முடிவு செய்வது முன்வாய்ப் பற்கள். மீன் தின்னும் அஞ்சாலைகளுக்கு உள்நோக்கிச் சாய்ந்த ஊசிப் பற்கள். வழுக்கும் மீன் நழுவாது. ஸ்நோஃப்ளேக்குக்கு மழுங்கிய, கூழாங்கல் போன்ற பற்கள். ஓடு உடைப்பதற்கென்றே அமைந்தவை. நண்டும் இறாலும்தான் அதன் சாப்பாடு. தொட்டியைச் சுத்தம் செய்யட்டும் என்று சங்கு நண்டுகளை வாங்கி விட்டவர், கொஞ்ச நாளில் காலிச் சங்குகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார். நத்தைகள் பெரும்பாலும் தப்பிக்கும். ஓரா வகை மீன்கள், வாலடியில் கத்திபோல் முள் கொண்ட சர்ஜன் மீன்கள், ஓரளவு வளர்ந்த கோமாளி மீன்கள் எல்லாம் அதோடு நிம்மதியாக வாழும். இரவில் பாறை இடுக்கில் படுத்துத் தூங்கும் விரல் நீளக் குட்டி மீன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இரவு என்பதற்குக் காரணம் உண்டு. அஞ்சாலைக்குக் கண்பார்வை மட்டம், மூக்கு அபாரம். மேலுதட்டின் முனையில் இரண்டு குழாய் நாசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் வாசனையைப் பிடித்தபடி இடுக்கு இடுக்காக நுழைந்து போகும். இறால் வாசனை தண்ணீரில் பரவிவிட்டால் எதிரே அசைவது இறாலா, பக்கத்து மீனின் வாலா, உங்கள் விரலா என்று அதற்குப் பிரித்துத் தெரியாது. ஆகவே நீளமான இடுக்கியால், எப்போதும் ஒரே மூலையில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இறாலோ கணவாயோ கொடுப்பதுதான் முறை. வயிறு நிறைந்த அஞ்சாலை நல்ல அண்டை வீட்டுக்காரன்.

இறால் என்றாலே உணவு என்று நினைக்கும் இந்த மீன், ஓர் இறாலை மட்டும் வாய்க்குள் விட்டுவைக்கிறது. முதுகில் வெள்ளைக்கோடு போட்ட சிவப்புத் துப்புரவு இறால் அது. பாறைத்திட்டுகளில் அது அஞ்சாலையின் பல்லிடுக்கில் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். தொட்டியிலும் இந்த ஒப்பந்தம் பெரும்பாலும் செல்லும். பெரும்பாலும்தான், பசித்த இரவுகளில் மீறப்பட்டதும் உண்டு. கடலில் இதைவிட விந்தையான கூட்டாளி இருக்கிறது. செங்கடலில் களவா மீன் ராட்சத அஞ்சாலையின் பொந்துக்கு முன் வந்து தலையை வேகமாக ஆட்டி வேட்டைக்கு அழைக்கிறது என்று ரெதுவான் பிஷாரியின் குழு 2006இல் எழுதியது. வெளியே ஓடும் இரை களவாவுக்கு, இடுக்கில் ஒளியும் இரை அஞ்சாலைக்கு.

அக்கம்பக்கம் சரியாக அமைந்தாலும் அஞ்சாலை வீட்டை விட்டு ஓடிப்போகும். கடலோரப் பாறைகளில் நண்டுக்காகத் தண்ணீரை விட்டு எம்பும் பழக்கம் அதற்கு உண்டு. மேத்தாவின் குழு ஸ்நோஃப்ளேக்குகளைச் சரிவுப்பலகை ஏறி வந்து கணவாய்த் துண்டு தின்னப் பழக்கியது. தண்ணீருக்கு வெளியே, உலர்ந்த பலகையில், அவை இரையை முழுசாக விழுங்கின. 2021இல் ஆய்வு வெளியானது. உறிஞ்சி விழுங்கும் மீனுக்குத் தண்ணீர் வேண்டும், தொண்டைத் தாடை இருந்தால் வேண்டாம்! செதிலில்லாத வழுவழு உடம்பு வேறு. குழாய்க்காக மூடியில் விட்ட ஓட்டை அதற்குப் போதும். மூடியை வலையால் அடைத்து, மேலே எடை வைக்காதவர்கள் காலையில் சோபாவுக்கு அடியில் தேட வேண்டிவரும்.

பவளங்களை அஞ்சாலை தின்னாது, ஆனால் புரட்டிப்போடும். மணலுக்கு மேல் அடுக்கிய பாறைகளின் அடியில் தோண்டிச் சரித்துவிடும் என்பதால், பாறையை முதலில் கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிட்டுத்தான் மணல் கொட்ட வேண்டும். நம் ஊரில் பவளம் வளர்க்க இதைவிடப் பெரிய தடை சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையிலேயே, பாறைத்திட்டு கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. கடல்விசிறியும் கடல்குதிரையும்கூட. மன்னார் வளைகுடாவில் உடைத்து வந்த ‘உயிர்ப்பாறை’ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காமல் வருவதே நல்லது. பீங்கான் பாறைகளையும், கல்பவள வரிசையில் சேராத காளான் பவளங்களையும் வைத்தே அழகான தொட்டி அமைக்க முடியும்.

பாறை அழகுக்கு மட்டும் இல்லை. அதுதான் தொட்டியின் கழிவுநீர் நிலையம். ஒரு வேளை இறால் தின்ற அஞ்சாலை, செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றும். கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நச்சு இன்னும் கூடும். பாறையின் நுண்துளைகளில் குடியேறிய பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இந்தக் குடியேற்றத்துக்கு நாலைந்து வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பி வீட்டில் பவளத்தொட்டி நடத்திய முறையை 1961இலேயே எழுதிவிட்டார். ஆனால் அஞ்சாலை போன்ற பெருந்தீனிக்காரனுக்கு அது போதாது. அங்கேதான் புரோட்டீன் ஸ்கிம்மர் என்கிற நுரைவடிப்பான் வருகிறது. நுண்ணிய குமிழிகளை நீருக்குள் செலுத்தினால் புரதக் கழிவுகள் குமிழியின் தோலில் ஒட்டி, நுரையாக மேலே ஏறிக் கிண்ணத்தில் வழியும். 2019 டிசம்பரில் மெரினாவில் குவிந்த வெள்ளை நுரையைப் பார்த்தவர்களுக்கு இந்த இயற்பியல் புதிதில்லை.

இனி வெயில். 26 டிகிரி தேவைப்படும் தொட்டி, கத்திரி வெயிலில் ஆவடி மாடி வீட்டில் தானாகவே 32ஐத் தாண்டும். சூடேற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன்களின் தேவையோ கூடும். பவளங்கள், தங்களுக்குச் சர்க்கரை தயாரித்துத் தரும் உட்பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். 2016இல் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி நடந்தது. எனவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும். ஆகவே தினமும் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு கரண்ட் போன நாட்கள் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. பம்புகள் நின்றால் ஆக்சிஜன் தீரச் சில மணி நேரம்தான். பேட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பு பெரிய கவலையை மிச்சப்படுத்தும்.

வாங்கும்போது கடையில் கருப்பு, நீலம், மஞ்சள் என்று வயதுக்கேற்ப நிறம் மாறும் ரிப்பன் ஈல் என்கிற அஞ்சாலை கண்ணைப் பறிக்கும். அதை விட்டுவிடுங்கள், தொட்டிக்கு வந்ததும் சாப்பிட மறுத்தே சாவது அதன் பெயர்போன வழக்கம். ஸ்நோஃப்ளேக் அறுபது, எழுபது சென்டிமீட்டர் வளரும், பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். விற்பனைக்கு வரும் அஞ்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடிபட்டவை. ஆகவே காசு கொடுக்குமுன் கடைக்காரரை ஓர் இறால் துண்டு போடச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே அது விழுங்கினால் வாங்கலாம்.