ஊசி இறங்கிய இடம்

மணிப்பூர் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், பர்மாவின் எல்லையை உரசிக்கொண்டு, மோரே என்றொரு சிறு பட்டணம் இருக்கிறது. 1960-களில் பர்மாவை விட்டுக் கிளம்ப நேர்ந்த நம்மவர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிவிட்டபடியால், அவ்வூரில் ஒரு தமிழ்ச் சங்கமும் உண்டு, அங்காள பரமேஸ்வரிக்கு ஒரு கோயிலும் உண்டு. அங்கிருந்து இம்பாலுக்குச் செல்லும் சுமார் 110 கிலோமீட்டர் மலைப்பாதையில், 1980-களின் தொடக்கத்திலிருந்து, பர்மாவில் காய்ச்சப்பட்ட ‘நம்பர் ஃபோர்’ என்னும் வெள்ளை ஹெராயினும் இறங்கி வரலாயிற்று. இளைஞர்கள் அதை ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகியதும், 1990-ஐ ஒட்டி அவர்களிடையே எய்ட்ஸ் கிருமி பரவியதும் பத்திரிகைகள் பல முறை எழுதிய கதை. அந்தப் பெரிய வியாதியின் நிழலில் மறைந்துபோன ஒரு சிறு விஷயத்தையே, அதாவது ஊசி இறங்கிய இடத்தில் உண்டாகும் புண்ணையே, இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

ஹெராயினுக்கு விலை ஏறிய காலங்களிலும், போலீஸ் கெடுபிடியால் அது கிட்டாமற்போன காலங்களிலும், வடகிழக்கு மாநிலங்களில் பலர் நாடிச் சென்றது மருந்துக் கடையில் மலிவாகக் கிடைத்த ஸ்பாஸ்மோ பிராக்ஸிவான் என்னும் நீலக் காப்ஸ்யூலை. வயிற்றுப் பிடிப்புக்கும் மாதவிலக்கு வலிக்கும் எழுதித் தரப்பட்ட அதில், அபினியின் குணமுடைய டெக்ஸ்ட்ரோபுரபாக்ஸிபீன் இருந்தது. விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட அந்தச் சரக்கு, தண்ணீரில் போட்டால் கலங்குமே தவிர முற்றும் கரையாது. அதைச் சிரைக்குள் செலுத்தினால் கரையாத துகள்கள் சிறு இரத்தநாளங்களை அடைத்துவிடும். குறி தவறிச் சதைக்குள் இறங்கினாலோ, காரம் பட்ட இடம் போலச் சுற்றிலுமுள்ள சதை வெந்து, செத்து, சீழ்பிடித்துப் புரையோடும். ஒரு விஷத்தைத் தடுக்கப்போய், அதைக் காட்டிலும் அதிகமாக அங்கத்தைத் தின்னும் மற்றொரு விஷத்துக்கு வழி திறந்துவிட்டது அந்தக் கெடுபிடி என்று சொன்னால் அது மிகையாகாது. இருதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று 2010-ல் அமெரிக்கா விலக்கிய டெக்ஸ்ட்ரோபுரபாக்ஸிபீனை, 2013 மே மாதத்தில் இந்திய அரசாங்கமும் நிறுத்தி வைத்தது. ஆனால் பழக்கம் மருந்தின் பெயரைப் பார்ப்பதில்லை. நம்மூர்ச் செய்தித்தாள்கள் இன்று ‘போதை ஊசி’ என்று எழுதுவதும் பல சமயங்களில் பொடித்துக் கரைத்த வலி நிவாரண மாத்திரையைத்தான். மாத்திரை உதிராதிருக்கச் சேர்க்கும் மாவும் டால்க்கும் இரத்தத்தோடு ஓடிப் போய்த் தங்குமிடம் நுரையீரல்.

ஊசி போட்டுக்கொண்ட இடம் இலேசாகத் தடித்து, ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் கவலையில்லை. வடியாமல் சிவந்து, தொட்டால் சுட்டு, நாளுக்கு நாள் இறுகி, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறியும் கட்டிவிட்டால், தோலிலிருந்த கிருமிகள் உள்ளே குடியேறிவிட்டன என்று அறியலாம். அவற்றோடு போரிட்டு மாண்ட வெள்ளணுக்களின் குவியலே சீழ். அதைச் சுற்றி உடம்பு ஒரு மதிலை எழுப்பிக்கொள்கிறபடியால், விழுங்கிய மருந்து அதற்குள் போதிய அளவில் புகுவதில்லை. நடுவில் விரலால் அமுக்கினால் தண்ணீர் நிறைந்த பையைப்போல் அசைகிற கட்டியை வைத்தியர் கீறி வடிய விடுவதே சிகிச்சை. பழுக்காத கட்டியைக் கீறுகிறவனும், பழுத்ததைக் கீறாமல் விடுகிறவனும் ஒரே தரத்துக் குற்றவாளிகள் என்று பண்டைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் வகுத்து வைத்த நியாயம் இன்றும் செல்லும். கட்டியைப் பிதுக்குவதும், பிளேடால் தானே கீறிக்கொள்வதும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப்போட்டுவிட்டு நாட்களைக் கடத்துவதும் கிருமியை உள்ளே தள்ளுகிற காரியங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைச் சிரைகள் கயிறுபோல் தடித்து அடைபட்ட பிறகு தொடையிடுக்கைத் தேடிப் போகிறவர்கள் பலர். அங்கே சிரையும் தமனியும் அண்டை வீட்டாரைப்போல் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஊசி தமனியின் சுவரைக் கிழித்துவிட்டால், கசிந்த இரத்தம் கட்டிபோலவே திரண்டு நிற்கும். அதன்மேல் விரலை வைத்தால் இருதயத்தோடு சேர்ந்து அதுவும் துடிக்கும். துடிக்கிற கட்டியைச் சீழென்று எண்ணிக் கத்தி வைத்தால் பீறிடும் இரத்தத்தைக் கையால் நிறுத்துவது அரிது. அதற்கு வேண்டியது இரத்தநாள சஸ்திர வைத்தியர். ஊசி ஏற்றிய கணத்தில் கை முழுதும் நெருப்புப் பட்டதுபோல் எரிந்து விரல்கள் வெளுத்துப்போனாலும் தமனியே காயப்பட்டது என்று கொண்டு அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் விரல்கள் தங்குவது சந்தேகம்.

2009-ம் வருஷம் டிசம்பரில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவமனைகளுக்கு, ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலர், சீழ் அதிகம் இல்லாமலே கையும் காலும் பூதாகாரமாக வீங்கிய நிலையில் வந்து சேர்ந்தார்கள். சோதனையில் அகப்பட்டது ஆடுமாடுகளைத் தாக்கும் அடைப்பான் நோயின் கிருமி, அதாவது ஆந்த்ராக்ஸ். தோலில் அந்நோய் காணும்போது வழக்கமாகத் தோன்றும் கறுத்த பொருக்கு இவர்களிடம் இல்லாமையே வைத்தியர்களைத் திகைக்க வைத்தது. அடுத்த ஓராண்டுக்குள் ஸ்காட்லாந்து முழுவதிலும் 119 பேரைப் பீடித்து, 14 பேரைப் பலிகொண்ட பிறகே அந்த வேகம் தணிந்தது. ஹெராயின் வந்த வழியில் எங்கோ கலந்த அந்தக் கிருமி, விதைபோல் உறங்கும் வித்துருவில் இருந்தபடியால், கரண்டியில் வைத்துக் காய்ச்சிய சூட்டுக்கும் சாகவில்லை. இதே நகரத்தில் 2014-ன் இறுதியில் இன்னொரு வித்துக் கிருமி வந்தது. பொட்டுலினம் என்னும் அதன் நஞ்சு, புண்ணைப் பெரிதாகக் காட்டாமலே, முதலில் இமைகளைத் தொங்க வைத்து, பார்வையை இரண்டாக்கி, நாக்கைக் குழற வைத்து, மார்புத் தசை வரை இறங்கி மூச்சை நிறுத்திவிடும். போதையில் உளறுகிறான் என்று வீட்டார் விட்டுவிடும் அந்தக் குழறலே சில சமயம் முறிமருந்து வேண்டி நிற்கும் அபாயக் குறி.

இவை அரியவை. அடிக்கடி காண்பவற்றில் கொடியது எது என்றால், வெளியே தெரியும் சிவப்புக்குப் பொருந்தாத பெருவலி. தோல் கொஞ்சமே கன்றியிருக்க, நோயாளி துடிதுடித்தால், சதைக்கும் தோலுக்கும் இடையிலுள்ள சவ்வின் வழியே அழுகல் ஓடுகிறதென்று சந்தேகித்து, அன்றைக்கே கத்தி வைக்கச் செய்வதுதான் உயிர் காக்கும். நடுக்கத்தோடு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் இருதயத்தின் வலப்பக்க வால்வில் கிருமி தங்கியதைக் காட்டலாம். ஒரு கால் மட்டும் கனத்து வீங்குவது சிரையில் இரத்தம் உறைந்ததன் லட்சணம். இவ்வளவையும் அறிந்திருந்தும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள் என்று கேட்டால், காத்திருக்கும் வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி “நீயாகத் தேடிக்கொண்டதுதானே?” என்று ஒருவர் கேட்டுவிடுவார் என்கிற பயமே பாதிக் காரணம்.

அந்தப் பயமில்லாமல் வரட்டும் என்றுதான், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் மையங்களில், புதிய ஊசி கொடுப்பதோடு புண்ணுக்கு மருந்து கட்டுவதையும் ஒரு பணியாகச் சேர்த்திருக்கிறார்கள். கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர்களிற் சிலர் நாளடைவில் போதைக்கு மாற்றாகத் தரப்படும், நாக்கின் அடியில் கரையும் புப்ரனார்பின் மாத்திரைக்கு மாறி ஊசியையே விட்டுவிடுகிறார்கள். சிவந்த இடத்தின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு கிழித்து வைப்பது நர்ஸ்மார்களின் பழைய யுக்தி. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் நோய் முன்னேறுகிறது. நாக்கடியில் வைத்த மாத்திரை கரைந்து முடியச் சில நிமிஷங்கள் ஆகும். அதுவரை வாய் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுடைய கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நேற்றுப் போட்ட நீலக் கோட்டுக்குள்ளேயே சிவப்பு நிற்கிறதா என்று நர்ஸ் அம்மாள் வெளிச்சத்தில் பார்க்கிறார்.