ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு!

1970-ம் ஆண்டு. லண்டனில் "டி-2" என்று ஒரு ராக் இசைக்குழு. மொத்தமே மூன்று பேர்தான்.

கிட்டார் வாசித்த கீத் கிராசுக்கு வயசு 17! பாஸ் கிட்டார் பெர்னார்ட் ஜிங்க்ஸ். டிரம் அடித்துக்கொண்டே பாடியவர் பீட்டர் டன்டன். பாட்டு எழுதியதும் அவரே.

முதல் இசைத்தட்டை "டெக்கா" கம்பெனி வெளியிட்டது. 1962-ல் பீட்டில்சை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே கம்பெனிதான்!

முதல் பக்கத்தில் மூன்று பாட்டு. தட்டைப் புரட்டிப் போட்டால் "மார்னிங்" என்ற ஒரே பாட்டு. 21 நிமிஷம் ஓடும்! சினிமாப் பாட்டு நீளத்துக்குப் பழகியவர்கள் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் கிட்டார் சூடு பிடித்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது.

தட்டு சரியாக விலை போகவில்லை. சீக்கிரமே மூவரும் பிரிந்துவிட்டார்கள். 1970-ல் அச்சான அந்த அசல் தட்டைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.