இழுப்பது சுலபம், நிறுத்துவது?

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே டிரெய்லர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. முன்னால் இழுப்பது சின்ன வண்டி. பின்னால் வருவது 40 அடி நீள இரும்புப் பெட்டி! சரக்கோடு சேர்ந்து அது 30 டன் வரை எடை இருக்கும்.

மழை நேரம். டிரைவர் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறார். முன்வண்டியின் சக்கரம் சறுக்குகிறது. பின்னால் உள்ள பாரம் சும்மா இருக்குமா? முன்வண்டியை நெட்டித் தள்ளும். இரண்டும் மடக்குக் கத்தி போல மடங்கிவிடும். பக்கத்தில் ஸ்கூட்டரில் பிள்ளை குட்டியோடு போகிறவர்களின் கதி என்ன?

அதனால்தான் டிரெய்லருக்கும் தனியாகக் காற்று பிரேக் வைக்கிறார்கள். ரப்பர்க் குழாய் வழியே அதற்குக் காற்று போகிறது. டிரெய்லர் கழன்று குழாய் அறுந்தால், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பெரம்பூர்க்காரர்களுக்கு இது புதுமை அல்ல. அங்கே ரெயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு 1955-ல் திறந்து வைத்தார். ரெயிலிலும் இதே தந்திரம்தான். ஓடும் ரெயில் இரண்டாகப் பிரிந்தால், இரு பகுதியும் தானே நின்றுவிடும். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் கண்டுபிடித்த வழி இது.

நல்ல டிரைவர் கிளம்புமுன் டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, முன்வண்டியை மெதுவாக நகர்த்திப் பார்ப்பார். அசையாவிட்டால் இணைப்பு சரி. பிறகு இறங்கி, பெட்டியின் நான்கு மூலைப் பூட்டுகளையும் பார்ப்பார். இதைக் கிளீனர் தலையில் கட்டுவது சரியல்ல. ஒரு பூட்டு விட்டுப்போனாலும், வளைவில் பெட்டி சரியலாம்.

இடது பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரம் ஓரத்தை ஒட்டி உள்ளே வரும். அந்தச் சந்தில் சைக்கிளை நுழைக்காதீர்கள். டிரைவருக்கு அந்த இடம் தெரியாது.