சேத்துல படாம ஒரு சவாரி!

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊர். ஐப்பசி மழையில் வயலுக்குள் இறங்கிய டிராக்டர் அச்சு வரை புதைந்துவிட்டது. ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுத்து முடித்ததும், வரப்பில் உட்கார்ந்து பெரியப்பா சலித்துக்கொண்டார்: ''சேத்துல படாம போற மாதிரி ஒரு வண்டி கண்டுபிடிக்கக் கூடாதாடா?''

''கண்டுபிடிச்சாச்சு பெரியப்பா. பேரு ஹோவர்கிராஃப்ட்!''

ஆரம்பம் ரொம்ப சிம்பிள். 1955-ல் கிறிஸ்டோபர் காக்கரெல் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர், காபி டப்பாவுக்குள் பூனைத் தீனி டப்பாவைச் செருகினார். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகக் காற்றை ஊதி, கீழே சமையலறைத் தராசை வைத்து அளந்தார். ஒற்றைக் குழாயில் ஊதுவதைவிட அழுத்தம் அதிகம்! வட்டமாக இறங்கும் காற்று, நடுவிலிருக்கும் காற்றைத் தப்பவிடாமல் மெத்தையாக்குகிறது. சூட்சுமம் அவ்வளவுதான். (நானும் முயன்றேன். காபி டப்பா காணாமல் போனது பற்றி வீட்டில் நடந்த விசாரணை தனிக் கதை!)

பிரிட்டிஷ் அரசு 'ரகசியம்' என்று முத்திரை குத்தியது. ஆனால், கடற்படைக்கு அது விமானம். விமானப்படைக்கு அது படகு! நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. முத்திரை விலகியபின், 1959 ஜூலை 25-ல் எஸ்.ஆர்.என்.-1 ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது. எடை சரியாக இருக்க, காக்கரெலே அதில் 'பார'மாக உட்கார்ந்து போனார்!

அடியில் ரப்பர் பாவாடை கட்டியதும் மேடு பள்ளமும் பிரச்னையில்லை. 1968-ல் அமெரிக்க ராணுவம் வியட்நாமின் மீகாங் டெல்டாவில் மூன்று வண்டிகளை இறக்கிச் சோதித்தது. நம்மூர் மாதிரியே தண்ணீர், சேறு, நெல். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் காதைப் பிளக்கும் சத்தம், ஓயாத ரிப்பேர். 1970-ல் இரண்டு வண்டிகள் தாக்குதலில் அழிந்தன, சோதனையும் முடிந்தது.

பெரியப்பா கேட்டார்: ''அவன் தாறுமாறா ஓட்டினது எவனோ ஒரு குடியானவன் வயல்லதானே? நாத்து என்னாச்சு?''

என்னிடம் பதில் இல்லை. எந்த ரிப்போர்ட்டைப் படித்தபோதும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

பேச்சை மாற்றினேன். ''நம்ம மண்டபத்துல கடலோரக் காவல்படைகிட்டயும் இருக்கு பெரியப்பா. 2010-ல இங்கிலாந்து கம்பெனிகிட்ட பன்னிரண்டு ஆர்டர் பண்ணாங்க. ஒவ்வொண்ணும் 21 மீட்டர் நீளம். படகு தரைதட்டுற ஆழமில்லாத கடல்லயும் போகும். ரோந்துக்கும் ஆபத்துல தவிக்கிறவங்களைக் காப்பாத்தவும் உதவும்.''

''அங்க ஓடட்டும்டா, புண்ணியமாப் போகும். வயலுக்கு வேணாம்'' என்றபடி, சேறு சொட்டும் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.