சிவப்புப் புள்ளியில் நிற்காமல் ஓடும் நிரல்: எங்கே திருத்துவது?

கணினித் துறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டுத் திட்டப்பணி தேர்வைவிடப் பெரிய தலைவலி. நிரல் ஓடினால் மட்டும் போதாது. அதற்கான சோதனைகள் எந்தெந்த வரிகளைத் தொட்டன என்ற கணக்கையும் கேட்பதுண்டு. இந்தக் கணக்குக்குக் ‘கோட் கவரேஜ்’ என்று பெயர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பால்மரம் வெட்டி முடிந்ததும் கங்காணி நிரை நிரையாக நடந்து, எந்த மரத்தில் கத்தி பட்டது, எது விடுபட்டது என்று பார்ப்பாரே, அதே வேலைதான். ஆனால், வெட்டு ஒழுங்காக விழுந்ததா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. நூறு விழுக்காடு வந்துவிட்டது என்று துள்ளிக் குதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ செயலியில் பைத்தான் எழுதுவோர் இதற்காக ‘பைடெஸ்ட்-கவ்’ என்ற துணைக்கருவியைச் சேர்ப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிழை தேடுவதற்காகச் சிவப்புப் புள்ளி வைத்த வரியில் அதுவரை நின்ற நிரல், இப்போது நிற்காமல் ஓடிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒப்படைக்கும் நாள் நெருங்கும் வேளையில் இப்படி நடந்தால், தன் நிரல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, சரியாக இருந்த பகுதியையும் மாணவர் கலைத்துவிடக்கூடும்.

நிரலில் பழுது இல்லை. ஓடும் வரிகளைக் கவனிக்கப் பைத்தானில் ‘செட்ட்ரேஸ்’ என்றொரு வசதி உண்டு. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். பிழை தேடும் ‘டிபக்கர்’ உட்கார்ந்த இடத்தைப் பின்னால் வரும் கவரேஜ் கருவி பிடித்துக்கொள்கிறது.

பிழை தேடும்போது மட்டும் கவரேஜை நிறுத்திவைப்பதே தீர்வு. ‘லாஞ்ச்’ அமைப்புக் கோப்பில், சோதனைகளைப் பிழை தேடுவதற்கான பகுதியில், ‘பைடெஸ்ட் ஆட்ஆப்ட்ஸ்’ என்ற சூழல் மாறிக்கு இரண்டு சிறுகோடுகளுடன் ‘நோ-கவ்’ என்று மதிப்புக் கொடுத்தால் போதும். வழக்கமான சோதனையில் கணக்கு எப்போதும்போல் வரும். துணைக்கருவியையே நீக்கிவிடும்படி நண்பர்கள் சொல்லலாம், அது தேவையில்லை.

2023 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.12, பல கருவிகள் ஒரே நேரத்தில் கவனிப்பதற்குப் புதிய வழி தந்திருக்கிறது. கருவிகளும் அந்த வழிக்கு மாறியிருந்தால்தான் பயன். கணினிக்கூடத்தில் பழைய பதிப்பு இருந்தால் மேற்சொன்ன திருத்தமே கைகொடுக்கும்.

வேறொரு சிக்கலும் உண்டு. ‘கவ்’ என்ற கட்டளையே தெரியாது என்று பைடெஸ்ட் மறுத்தால், துணைக்கருவி ஒரு பைத்தானிலும் செயலி வேறொரு பைத்தானிலும் இருக்கக்கூடும். ‘செலக்ட் இன்டர்பிரெட்டர்’ பட்டியலில், துணைக்கருவியை நிறுவிய அதே பைத்தானைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சோதனையை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.