மீண்டவர் மீண்டும் வீழாதிருக்க

யாழ்ப்பாணத்தார் நோயையும் வருத்தம் என்பர். துயரையும் வருத்தம் என்பர். மனச்சோர்வு நோய்க்கு இவ்வழக்கு மிகப் பொருத்தமே. நம்மவருள் இந்நோயுற்ற பலர் மனத்துயரைச் சொல்லார்; தலையிடி, உடலுளைவு, நித்திரையின்மை என்றே வைத்தியரிடம் முறையிடுவர்.

சிகிச்சையால் இந்நோய் தணியும். ஆனால் திரும்பி வரும் இயல்பும் அதற்குண்டு. ஒருமுறை கண்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மறுமுறையும் காண்கின்றது. முறைகள் கூடுந்தோறும் அபாயமுங் கூடும். நம் குடும்பங்கள் தவறுவது இவ்விடத்திலேதான். பிள்ளை சிரித்துப் பேசத் தொடங்கியதும், "இனி என்னத்துக்குக் குளிசை?" என்பார் தாயார். கலியாணப் பேச்சு நடக்கும் வீடாயின் குளிசைகள் அலுமாரிக்குள் ஒளிந்துகொள்ளும்! குணமான பின்னரும் 9 முதல் 12 மாதம் வரையேனும் மருந்தைத் தொடர்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 31 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி 2003இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, மருந்தை விடுத்துப் போலிக் குளிசை உட்கொண்டோருள் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் மீண்டது. மருந்தைத் தொடர்ந்தோருள் 18 பேருக்கே மீண்டது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், நித்திரை குழம்பும். வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தலே முறை.

மருந்தோடு பயிற்சியும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போரினால் உள்ளம் நொந்தோர்க்குத் தளர்வுப் பயிற்சி கற்பிக்கையில் அந்நிய முறைகளை நாடி அலையவில்லை. சைவருக்கு 'ஓம் நமசிவாய', கத்தோலிக்கருக்குச் செபமாலை என, அவரவர் மரபிலுள்ளதையே எடுத்தாண்டார். மேனாட்டில் ரீஸ்டேல் முதலிய அறிஞர் பௌத்த தியானத்தினின்று பெற்ற மனக்கவனப் பயிற்சியை 8 வாரங் கற்பித்துச் சோதித்தனர். மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றவருள், வழக்கமான சிகிச்சை மாத்திரம் பெற்றோரில் நூற்றுக்கு 66 பேருக்கும், பயிற்சியும் பெற்றோரில் 37 பேருக்கும் நோய் மீண்டதென 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். இரண்டே முறை நோயுற்றோருக்கு அப்பயன் கிட்டவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது வீட்டார் நாவை அடக்குதல். உறவினரின் ஓயாத குறைகூறல் நோயை மீளக் கொணர்வதை வோன், லெஃப் என்போர் 1976இலேயே இங்கிலாந்தில் கண்டறிந்தனர். மனச்சோர்வுற்றோர் சிறு குறைச்சொல்லையும் தாங்கார் என்றனர். பரீட்சைப் பெறுபேற்றை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாத இரவுச் சாப்பாடு நம் வீடுகளில் எத்தனை?

விடிய மூன்று மணிக்கே விழித்தல், சாப்பாடு உருசியாமை, குளிக்கவும் பஞ்சிப்படுதல் என முன்னர் கண்ட அறிகுறிகளை நோயாளரோடு இருந்து வீட்டார் எழுதி வைத்துக்கொள்ளலாம். அவை மீளத் தோன்றி நீடித்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராது தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்க. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.