பத்துப் பேர்ச்சும் பின்மலையும்

தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்டத் தரும் பத்துப் பேர்ச் என்றால் எவ்வளவு இடம் என்று கேட்டீர்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. அதற்குள் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய சனத்துக்குப் பத்துப் பேர்ச் பெரிய சொத்துத்தான். 2015இல் ஏழு பேர்ச் என்று தொடங்கிய பேச்சு, இந்திய உதவியில் 550 சதுர அடி வீடுகளைக் கண்டு, இப்போது பத்தில் நிற்கிறது.

தேத்தண்ணி ஆறுகிறது, குடித்துக்கொண்டே கணக்குப் பாருங்கள். நூறு குடும்பத்துக்கு 1,000 பேர்ச், ஆறேகால் ஏக்கர். பாதை, கான், பிள்ளைகள் விளையாட ஒரு துண்டு என்று சேர்த்து ஒன்பது ஏக்கர் வையுங்கள். நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டத்தில் இது எந்த மூலைக்கு? பிறகேன், வீடு கட்டினால் காடு போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்?

காணி அரசாங்கத்துடையது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. வீட்டுக்கு இடம் கேட்டால், கொழுந்து நன்றாக வரும் மலையை எந்தத் தொரையும் காட்ட மாட்டார். கைவிட்ட இறப்பர் மலை, ஓடைக்கரை, உச்சியில் மிஞ்சிய காட்டுத் துண்டு, இவற்றைத்தான் காட்டுவார். தேயிலைக்கே ஆகாதென்று விட்ட செங்குத்துச் சரிவு வீட்டுக்கு மட்டும் ஆகுமா? காட்டையும் சனத்தையும் மோதவிடுவது இந்த இடத்தேர்வுதான் என்பேன்.

சரிவில் வீடு கட்ட, பின்பக்கத்தை வெட்டி முன்பக்கம் கொட்டி மட்டமாக்க வேண்டும். வெட்டியதும் மேல்மண்ணைத் தாங்கிய அடி போய்விடும். கொட்டிய மண் இறுகியிருக்காது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தண்ணீர் உள்ளே இறங்கிப் பாறைக்கு மேலே தேங்க, மண்ணின் பாரம் கூடும், பிடி குறையும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 வந்தால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. மழைமானி இல்லாவிட்டாலும் மலையே காட்டும்: பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கும், கதவு நிலையோடு இறுகும், சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு விடும், மரம் சாயும்.

2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியபோது நூறு பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். அவர்கள் கிராமத்துச் சிங்களச் சனம். அதே மழையில் புளத்கொஹுபிட்டிய பக்கம் களுபஹன தோட்டத்தில் லயமும் புதைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கேகாலை மாவட்டம் மறுபடியும் மண்சரிவைப் பார்த்தது.

காட்டுத் துண்டின் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். தெரணியகலை, பலாங்கொடைப் பக்கத்து மலைகளுக்கு மேலே சிவனொளிபாதமலைக் காடு. தெற்கே சிங்கராஜவனம், 1988இலிருந்து உலக மரபுரிமை. இறக்குவானை மலைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் உண்டு. தவளை நமக்கெதற்கு என்பீர்கள். தவளை இருக்கிற ஈரத்தில்தான் நம் பீலிக்குத் தண்ணீர் ஊறுகிறது. உச்சிக் காட்டை வெட்டி நூறு வீடு கட்டினால், அந்த நூறு வீட்டுக்கும் கோடையில் பவுசர்தான்.

இதையெல்லாம் முன்கூட்டித் திட்டமிட வேண்டியது யார்? ஊரில் என்றால் பிரதேச சபை. ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபைப் பணம் போட முடியாமல் கிடந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வாக்கு வாங்கப் பாதை இருந்தது, கான் வெட்ட இல்லை! இன்றைக்கும் பல சபைகளுக்குத் தோட்டம் என்றால் கம்பனியின் காரியம் என்ற எண்ணம் போகவில்லை.

ஆகவே தோட்டக் கூட்டத்தில் வீட்டு இலக்கத்துக்குக் குலுக்கல் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். சரிவு குறைந்த தேயிலை மலையில் ஒன்பது ஏக்கர் ஏன் தர முடியாது? காட்டிய இடத்துக்குக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எங்கே? அறிக்கையில் நிபந்தனையுடன் அனுமதி என்று இருந்தால், நிபந்தனைகளைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். பின்வெட்டு எவ்வளவு உயரம், தாங்குசுவர் எங்கே, கான் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வையுங்கள். நாளைக்கு மகனுக்குக் கல்யாணமாகி, பின்னால் ஒரு காம்பரா இறக்க மண்வெட்டியைத் தூக்கும்போதும் அந்தத் தாள் வேண்டும்.